கடைசி வள்ளம் வந்த பிறகு

ஓலைத்தொடுவாயில் கழுதை கத்தலாம். காகம் கரையலாம். பைறூஸ் மாமாவின் பாண் விற்கிற ஓட்டோ விடியற்காலையிலேயே பாட்டுப் பாடிக்கொண்டு வரலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் கடற்கரையில் விசில் மட்டும் அடித்துவிடக் கூடாது. அடித்தால் காற்று எழும்பும் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. காற்று எழும்பினால் கடல் பொங்கும். கடல் பொங்கினால் வள்ளத்தில் போனவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அப்படிப்பட்ட ஊரில்தான் டிலோ என்கிற டிலோஜினியின் அம்மா பிரதேச சபைத் தேர்தலில் நின்றார். அவருக்குக் கிடைத்த சின்னம் என்ன தெரியுமா?

விசில்!

அம்மாவின் பெயர் றஞ்சிதம். தண்ணீர் பவுசர் வண்டி வராவிட்டால் ஊரில் முதலில் குடத்தைத் தூக்குகிறவர் அவர்தான். வெறும் குடத்தோடு பிரதேச சபைக் கந்தோருக்குப் போவார். பவுசரோடு திரும்பி வருவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றாமல் பஸ் போனால், அடுத்த நாள் நடுவீதியில் நின்று பஸ்ஸை மறிப்பார்.

ஒன்று மட்டும் அவரால் முடியவில்லை. வள்ளங்கள் கரை சேரும் துறையில் ஒரு லைற் வேண்டும் என்று கேட்டார். கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒரு கம்பம் வந்தது. லைற் வரவில்லை. அந்தக் கம்பத்தின் உச்சியில் இப்போது ஒரு காகம் குடியிருக்கிறது.

“வெளியிலை நிண்டு கேட்டு அலுத்துப்போச்சு. இனி உள்ளை போய் இருந்து கேக்கப் போறன்” என்றார் அம்மா. இப்படித்தான் அவர் ஒரு சுயேச்சைக் குழுவோடு சேர்ந்து தேர்தலில் நின்றார்.

சின்னம் கொடுக்கும் நாளில் அம்மா மன்னாருக்குப் போயிருந்தார். படகுச் சின்னம் கிடைக்கும் என்று ஊர் நினைத்தது. படகு இல்லாவிட்டால் மீனாவது கிடைக்கும் என்று நினைத்தது. அம்மா பஸ்ஸில் வந்து இறங்கியபோது பெரிய கூட்டமே காத்து நின்றது. முன்னால் நின்றவர் மனுவேல் சம்மாட்டி. சொந்தமாக வலையும் வள்ளமும் வைத்திருக்கிறவர், இன்னும் தானே கடலுக்குப் போகிறவர். அவர் ஓம் என்றால் துறை முழுக்க ஓம் என்று சொல்லும்.

“என்ன பிள்ளை, படகோ, மீனோ?” என்று கேட்டார்.

“விசில்” என்றார் அம்மா.

கூட்டம் இரண்டு அடி பின்னால் போயிற்று. டிலோவின் அப்பா அம்புறோஸ் தலையைச் சொறிந்தார். அவரும் கடலில் தொழில் செய்கிறவர்தான்.

மனுவேல் தொண்டையைச் செருமினார். “றஞ்சிதம், நீ நல்ல பிள்ளை. நீ கேட்டு எடுத்துத் தந்த தண்ணியைத்தான் நானும் குடிக்கிறன். ஆனா வோட்டுச் சீட்டிலை விசிலுக்குப் புள்ளடி போடச் சொல்லி மட்டும் என்னட்டைக் கேளாதை.”

அதோடு கூட்டம் கலைந்தது.

சில நாட்களில் அச்சடித்த நோட்டீஸ்கள் வந்தன. அம்மாவின் படம், பக்கத்தில் ஒரு கொழுத்த விசில். அம்மா ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

“வள்ளத்திலை ஒட்டுங்கோவன்.”

அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “உம்மிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை, றஞ்சி. வோட்டும் உமக்குத்தான். ஆனா வள்ளத்திலை இதை ஒட்டமாட்டன்.”

அம்மா அதைக் கோழிக்கூட்டில் ஒட்டினார். என்ன பிரயோசனம்? கோழிகளுக்கு வாக்கு இல்லையே.

அன்று பின்னேரம் அம்மா நோட்டீஸ் கட்டுக்கு முன்னால் கதிரையில் பேசாமல் இருந்தார். அம்மா பேசாமல் இருக்கிற வீடு டிலோவுக்குப் பழக்கமில்லை. அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. டிலோவுக்கு அழுகை வந்தாலும் கேள்வி வராமல் விடாது.

உண்மையாகவே விசில் ஊதினால் காற்று வருமா?

அம்மா மன்னாரில் வாங்கி வந்த சிவப்பு விசில் அலுமாரியில் இருந்தது. டிலோ அதை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். நேரே இன்ஷிராவிடம் ஓடினாள். இன்ஷிரா அவளுடைய வகுப்புத் தோழி. பாண் ஓட்டோ பைறூஸ் மாமாவின் மகள்.

இரண்டு பேரும் துறைக்குச் சத்தம் கேட்காத தூரத்துக்கு, பனங்காட்டுக்குப் பின்னால் போனார்கள். ஒரு சின்னப் பனை வடலியில் இன்ஷிரா தன் தலை றிபனைக் கட்டினாள்.

“முதல்லை ஊதாமப் பாப்பம். பிறகு ஊதிப் பாப்பம். சயன்ஸ் ரீச்சர் அப்படித்தான் செய்யச் சொன்னவ” என்றாள்.

ஊதாமல் பார்த்தார்கள். றிபன் படபடத்தது.

டிலோ கன்னம் உப்ப விசிலை ஊதினாள். றிபன் படபடத்தது. முன்பு எப்படிப் படபடத்ததோ அப்படியேதான்.

மன்னார்த் தீவில் காற்று எப்போதுதான் நின்றிருக்கிறது? அங்கே பாருங்கள், தூரத்தில் அந்தப் பெரிய காற்றாலைகள் எல்லாம் ஒருவரும் ஊதாமலே சுழன்றுகொண்டிருந்தன.

“இன்னொருக்கா ஊது” என்றாள் இன்ஷிரா.

டிலோ மறுபடியும் ஊதினாள். இந்தமுறை பற்றைக்குள் சரசரவென்று ஒரு சத்தம். ஒரு கழுதை காதை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து, இருவருக்கும் நடுவில் நின்றது.

“காத்து வரல்லை. கழுதைதான் வந்திருக்கு” என்றாள் இன்ஷிரா.

“பரவாயில்லை. விசிலைக் கேட்டு வந்த முதல் ஆள் இதுதான்” என்றாள் டிலோ.

கண்டுபிடித்ததைச் சும்மா வைத்திருக்க முடியுமா? இருவரும் துறைக்கு ஓடினார்கள். மனுவேல் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார்.

“மாமா, நாங்கள் விசில் ஊதிப் பாத்தனாங்கள். காத்து வரேல்லை!”

மனுவேலின் கையில் இருந்த ஊசி நின்றது. “எங்கை ஊதினனீங்கள்?”

“பனங்காட்டுக்குப் பின்னாலை.”

“அங்கை ஊதினா எப்பிடி வரும்? கடல் காத்துக் கடற்கரையிலை ஊதினாத்தான் வரும்.”

இன்ஷிரா யோசித்தாள். “அப்ப கடற்கரையில ஊதிப் பாக்கட்டா?”

“ஊதிப் பார், முதுகுத்தோலை உரிச்சுப்போடுவன்!”

மனுவேல் எழும்பிய வேகத்தில் இருவரும் பிடித்தார்கள் ஓட்டம். மனுவேலின் வீட்டு வளவுக்குள் புகுந்துதான் நின்றார்கள். புலி துரத்தப் புலியின் குகைக்குள்ளேயே போன கதைதான். ஆனால் அங்கே இருந்தவர் அவருடைய மனைவி பிலோமினா மாமி.

“ஐயோ, கருவாட்டை மிதிச்சுப்போடாதையுங்கோ!” என்று மாமி கத்தினார்.

பழைய வலையை விரித்து அதன்மேல் மீன் காயப்போட்டிருந்தார். இருவரும் ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி வெளியே வந்தார்கள்.

“இந்தக் காத்துக் காணாது. நல்லா ஒருக்கா அடிச்சா நாளைக்கே எல்லாத்தையும் அள்ளிப்போடலாம்” என்று மாமி மீனைத் திருப்பிப் போட்டார்.

டிலோ காதைத் தீட்டிக்கொண்டாள். “உங்களுக்குக் காத்து வேணுமா, மாமி?”

“காத்து இல்லாமக் கருவாடு ஏது?”

“மாமாவுக்குக் காத்து வேண்டாமாம்.”

மாமி சிரித்தார். “அவர் கடலிலை நிக்கேக்க எனக்கும் வேண்டாம், பிள்ளை. கூரைத் தகரம் ஒருக்கா ஆடினாலே எனக்கு நெஞ்சு பதறும். அவர் கரைக்கு வரட்டும். அதுக்குப் பிறகு காத்து விரும்பினபடி அடிக்கட்டும்.”

“மாமா கரைக்கு வந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எப்பிடித் தெரியும்? பனை மறைக்குது, இங்கையிருந்து பாத்தாத் துறை தெரியாது. அவர் படலையைத் திறந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் படலையையும் அடுப்பையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டிருப்பன்.”

“மாமாட்டைப் போன் இருக்குத்தானே?”

“இருக்கு. நனைஞ்சிடுமாம் எண்டு வீட்டிலை வைச்சிட்டுப் போவார். நான் எடுத்தா அலுமாரிக்குள்ளை கிடந்து அடிக்கும்.”

இன்ஷிரா விழுந்து விழுந்து சிரித்தாள். டிலோ சிரிக்கவில்லை. கழுத்தில் கிடந்த விசிலைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குள் ஏதோ ஒன்று ‘டக்’கென்று பொருந்தியது.

வீட்டுக்கு ஓடி வந்தாள். அம்மா இன்னும் அதே கதிரையில்தான் இருந்தார். அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, வள்ளங்கள் கடலிலை நிக்கேக்கதானே விசில் ஊதக் கூடாது? எல்லா வள்ளமும் வந்த பிறகு ஊதினா என்ன?”

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கடைசி வள்ளம் கரையேறின பிறகுதான் ஊதுவம். ஒரு வள்ளம் வெளியிலை நிண்டாலும் ஊதமாட்டம். அப்ப விசில் கேட்டா எல்லாரும் வந்திட்டினம் எண்டு வீடுகளுக்குத் தெரியும். பிலோமினா மாமி படலையைப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தேநீரைக் கீழே வைத்தார். 

“அதிலை ஒரு பிழையும் இல்லைப் போலதான் கிடக்கு” என்றார். “ஆனா எல்லா வள்ளமும் வந்திட்டுது எண்டு ஆர் பாக்கிறது?”

“நான்தான்!” என்றாள் டிலோ.

அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில்தான் வள்ளங்களும் ஒவ்வொன்றாகக் கரைக்கு வரும். துறை மணலில் ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஓர் இடம் உண்டு. இடம் வெறுமையாக இருந்தால் வள்ளம் கடலில். இடம் நிரம்பினால் ஆட்கள் வீட்டில்.

அடுத்த நாள் டிலோவும் இன்ஷிராவும் காகக் கம்பத்தின் கீழே போய் நின்றார்கள். வள்ளங்கள் வந்தன. கடைசி இடமும் நிரம்பியது. டிலோ மனுவேலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே விசிலை ஊதினாள்.

மனுவேல் துள்ளி விழுந்தார். வானத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தன் வள்ளத்தைப் பார்த்தார். அது மணலில் பத்திரமாகக் கிடந்தது. அவர் வாயைத் திறந்தார். திட்டுவதற்குக் காரணம் கிடைக்காமல் மூடிக்கொண்டார்.

“என்ன செய்தாலும் விசில் விசில்தான்” என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

ஆனால் பனங்காட்டுக்கு அப்பால் பிலோமினா மாமி, “அப்ப வந்திட்டினம்” என்று சொல்லிக்கொண்டு சோற்றுப் பானையை இறக்கினார். பக்கத்து வீட்டிலும் இறக்கினார்கள். இரண்டாம் நாள் இன்னும் சில வீடுகளில் இறக்கினார்கள். நாளாக நாளாக ஊரில் பல அடுப்புகள் விசிலுக்கு அணைந்தன. அந்தக் கழுதையும் தவறாமல் வந்தது. அதற்கு யாரும் சோறு போடவில்லை, ஆனாலும் வந்தது.

அம்மா மறுபடியும் பேசத் தொடங்கினார். வீடு வீடாகப் போனார். துறை லைற்றைப் பற்றிப் பேசினார். பெண்கள் கேட்டார்கள். சில ஆண்களும் கேட்டார்கள். மனுவேலும் அவரைப் பார்த்து நடக்கிறவர்களும் மட்டும் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வாக்குகள் இல்லாமல் அம்மா வெல்ல முடியாது. இது டிலோவுக்கும் தெரியும்.

பிரசாரத்தின் கடைசி நாள் வந்தது. துறையில் பெரிய கூட்டம். பக்கத்து ஊர்களில் இருந்தும் சனம் வந்திருந்தது. பைறூஸ் மாமாவின் ஓட்டோவில் அன்று பாணுக்குப் பதிலாக ஒலிபெருக்கி ஏறியிருந்தது. வழமைபோல விசில் ஊதிய பிறகுதான் கூட்டம் தொடங்கும்.

டிலோ துறையைப் பார்த்தாள். ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

அது மனுவேலின் இடம்.

வெயில் சாய்ந்தது. வள்ளம் வரவில்லை. அம்மாவின் குழுவில் நின்ற றிஸ்வி அண்ணன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, ஊதும்மா. சனம் கலையப் போகுது. இண்டைக்கு விட்டா இனிக் கூட்டம் வைக்கேலாது.”

“மனுவேல் மாமா இன்னும் வரேல்லை, அண்ணா.”

“அவர் எங்களுக்கு வோட்டுப் போடமாட்டன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறார். அவருக்காகவா நாங்க நிக்கிறது?”

டிலோ கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கடைசிக் கூட்டம். விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்தாள்.

“வோட்டுப் போடாட்டி அவரின்ரை வள்ளம் வள்ளம் இல்லையா, அண்ணா?”

 அதற்கு அம்மாதான் பதில் சொன்னார். ஒலிபெருக்கியின் மைக்கை வாங்கி, “மனுவேல் அண்ணையின்ரை வள்ளம் இன்னும் வரேல்லை. கூட்டம் பிறகு நடக்கட்டும். எல்லாரும் கரைக்கு வாங்கோ” என்றார். அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தேடிப் போவதற்கு வள்ளத்தைத் தள்ள ஆயத்தமானார்கள்.

பொழுது மங்கி மம்மலாகிவிட்டது. கம்பம் நின்றது, லைற் இல்லை. பைறூஸ் மாமா ஓட்டோவைக் கடலைப் பார்க்கத் திருப்பி முன் விளக்கைப் போட்டார். மோட்டார் சைக்கிளில் வந்தவர்களும் அப்படியே போட்டார்கள். பிலோமினா மாமி செருப்பும் போடாமல் ஓடி வந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் கேட்க வந்த சனம் எல்லாம் கடலையே பார்த்து நின்றது.

“அங்கை!” என்று இன்ஷிரா கத்தினாள்.

ஒரு வள்ளம் மெல்ல மெல்ல வந்தது. மிசின் சத்தம் இல்லை. இரண்டு பேர் தண்டு வலித்தார்கள். கரையில் நின்றவர்கள் ஓடிப் போய்ப் பிடித்து இழுத்தார்கள்.

மனுவேல் கீழே குதித்தார். முட்டளவு தண்ணீரில் நின்றபடி விளக்குகளையும் சனத்தையும் பார்த்தார். அவருடைய முகம் வெளிறியது.

“ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை” என்றார் பிலோமினா மாமி அழுதுகொண்டே. “உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம்.”

“மிசின் நிண்டுபோச்சு. அதுக்கு இவ்வளவு சனமோ?” என்றவர், ஒலிபெருக்கியைப் பார்த்தார். “இண்டைக்கு உங்கடை கூட்டம் எல்லோ? முடிஞ்சுதோ?”

“இன்னும் தொடங்கேல்லை” என்றார் அம்மா.

“ஏன்?”

அம்மா டிலோவைப் பார்த்தார். டிலோ மெதுவாகச் சொன்னாள்: “விசில் ஊதேல்லை, மாமா. நீங்கள் வரேல்லையே.”

 மனுவேல் ஈரச் சாரத்தைப் பிழிந்தார். பிழிந்த இடத்தையே மறுபடியும் பிழிந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“இப்ப வந்திட்டன்தானே. பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஊது!”

டிலோ ஊதினாள். இதுவரை ஊதாத அளவுக்கு ஊதினாள். பனங்காட்டுப் பக்கம் இருந்து கழுதை ஓட்டமும் நடையுமாக வந்து, கூட்டத்தில் முன்வரிசையில் நின்றது.

அன்றைய கூட்டத்தில் அம்மா பேசியது கொஞ்சம்தான். கம்பத்தைக் கையால் காட்டினார். இருட்டில் கம்பம் யாருக்கும் தெரியவில்லை. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா ஒரு நோட்டீஸ் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு சட்டப்படி பிரசாரத்தை நிறுத்த வேண்டும். அதனால் அடுத்த நாள் விசிலும் இல்லை. பின்னேரம் பிலோமினா மாமி கோபமாக வந்து படலையில் நின்றார்.

“ஏன் இண்டைக்கு ஊதேல்லை? என்ரை சோறு குழைஞ்சுபோச்சு!”

“தேர்தல் சட்டம், அக்கா” என்றார் அம்மா.

“சட்டத்தைக் கொண்டுபோய் அடுப்பிலை வை!”

வாக்களிப்பு நடந்தது. முடிவு வரப் பிந்திவிட்டது. மறுநாள் பின்னேரம்தான் பைறூஸ் மாமா ஓட்டோவைப் பறக்கவிட்டுக்கொண்டு துறைக்கு வந்தார். தலையை வெளியே நீட்டி, “றஞ்சிதம் தங்கச்சி வெண்டிட்டா!” என்று கத்தினார்.

துறை முழுக்க ஆரவாரம். பிலோமினா மாமி அம்மாவைக் கட்டிப்பிடித்தார். இன்ஷிரா துள்ளிக் குதித்தாள். டிலோவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. எல்லாரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, “ஊது பிள்ளை, ஊது!” என்றார்கள்.

டிலோ விசிலை வாயருகே கொண்டுபோனாள். பிறகு மெல்லக் கீழே இறக்கினாள்.

“கொஞ்சம் பொறுங்கோ” என்றாள். “அப்பாவும் மனுவேல் மாமாவும் இன்னும் வரேல்லை.”